தரம் 6 இருமொழி வகுப்பு: விஞ்ஞானம் விளங்குகிறது, ஆங்கிலத்தில் எழுத வரவில்லை

கொட்டாஞ்சேனை_விஞ்ஞானம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு 13இல் தரம் 6 இருமொழி வகுப்புக்கு (சில பாடங்கள் ஆங்கிலத்தில், மற்றவை தாய்மொழியில்) ஆங்கிலத்தில் விஞ்ஞானம் எடுக்கிறேன். 38 பிள்ளைகள். பெரும்பாலானோர் தரம் 5 வரை தமிழ்மொழி மூலம் படித்துவிட்டு வந்தவர்கள். மூன்று பேர் மட்டும் சிங்கள மொழிமூலத்திலிருந்து வந்திருக்கிறார்கள். எனக்கு விஞ்ஞானம் கற்பிக்கப் பயிற்சி உண்டு, மொழி கற்பிக்கப் பயிற்சி இல்லை.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. பலகையில் இருப்பதை அழகாகக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். வாசிக்கச் சொன்னால் வாசிக்கவும் செய்கிறார்கள். என்ன விளங்கியது என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். அதே பிள்ளைகளிடம் இடைவேளையில் தமிழில் கேட்டால் ஆவியாதலைப் பற்றி நல்ல விளக்கம் வருகிறது. வினாத்தாளில் பார்த்தால் வெற்றிடம், அல்லது கேள்வியையே திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு உடனே தமிழில் சொல்கிறேன். பாதிப் பாடத்தில் மணி அடித்துவிடுகிறது. அத்தியாயத்துக்கு ஒரு கலைச்சொல் பட்டியல் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னால் பட்டியலை ஒப்புவிக்கிறார்கள், வசனத்தில் பாவிக்கத் தெரியவில்லை.

அடுத்து காந்தங்கள் பாடம். 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது, எந்தச் சொற்களை எடுப்பது, தமிழ் எவ்வளவு பாவிக்கலாம், வினாத்தாளை எப்படி அமைப்பது என்று செய்து பார்க்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள். ‘ஆங்கிலச் சூழலை உருவாக்குங்கள்’ என்ற அளவிலான ஆலோசனை நிறையவே கிடைத்துவிட்டது.

மொழிமூலம் எழுதியது:

முதலில் எது தடுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரே கேள்வியை ஒரு பிள்ளையிடம் மூன்று விதமாகக் கேளுங்கள். தமிழில் வாயால் ஒருமுறை, படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் வாயால் ஒருமுறை, ஆங்கிலத்தில் எழுத்தால் ஒருமுறை. தமிழிலேயே விடை வராவிட்டால் அது விஞ்ஞானப் பிரச்சினை, பாடத்தைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். தமிழில் சரியாக வந்து, படத்தோடு ஆங்கிலத்திலும் தட்டுத்தடுமாறி வந்து, எழுத்தில் மட்டும் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வசன அமைப்பு வேண்டும். படத்தோடும் வராவிட்டால் சொல் போதவில்லை, அல்லது உங்கள் கேள்வியே காதில் பிடிபடவில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் படம் வரைந்து பெயரிடும் நேரத்தில் நாலைந்து பேரைப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கடையிலும் ஸ்கூல் வானிலும் ஆங்கிலம் கதைக்கிற பிள்ளை பாடப்புத்தகத்தில் தடுமாறினால் ‘இவனுக்கு ஆங்கிலம் தெரியும், கவனம்தான் இல்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பேச்சு மொழியும் பாட மொழியும் வேறு வேறு வேகத்தில் வளர்பவை என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துக் காட்டினார். பேச்சு ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாட மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை போகும் என்பது அவர் கணக்கு. அதுவும் கனடாவில், சுற்றிவர ஆங்கிலம் ஒலிக்கும் இடத்தில் குடியேறிய பிள்ளைகளை வைத்துச் சொன்னது. நம் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைப்பது வாரத்தில் சில பாடவேளை. ஆகவே மூன்றாம் தவணைக்குள் எல்லோரும் பந்தி பந்தியாக எழுத வேண்டும் என்று உங்களை நீங்களே நெருக்கிக்கொள்ள வேண்டாம்.

சொற்களுக்கு வருவோம். பட்டியல் ஏன் உதவவில்லை என்றால் அதில் கலைச்சொல் மட்டும்தான் இருக்கிறது. கலைச்சொல்லுக்கு நீங்கள் எப்படியும் விளக்கம் கொடுத்துவிடுகிறீர்கள், புத்தகமும் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறது. பிள்ளையை வீழ்த்துபவை வேறு இரண்டு கூட்டம்.

ஒன்று, தெரிந்த சொல் மாதிரி வந்து வேறு பொருள் தருபவை. காந்தப் பாடத்தில் ‘லைக் போல்ஸ் ரிப்பெல்’ என்று வரும். ‘லைக்’ என்றால் பிள்ளைக்குப் பிடிக்கும் என்றுதான் பொருள். பிடித்தவை ஒன்றையொன்று தள்ளுமா? குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். இங்கே அது ‘ஒத்த’ என்று அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘மேட்டர்’, ‘வொலியூம்’, ‘சொலியூஷன்’, ‘ஸ்டேட்’ எல்லாம் இதே ரகம். ‘ஸ்டேட்’ இன்னும் மோசம். பாடத்தில் அது சடப்பொருளின் நிலை, வினாத்தாளில் ‘கூறுக’.

மற்றது, இணைக்கிற சின்னச் சொற்கள். இஃப், வென், பிகோஸ், ஒன்லி, போத், ஈச் அதர், டுவோர்ட்ஸ், அவே ஃபுரொம். இவற்றை யாரும் கற்பிப்பதில்லை. ஆங்கில ஆசிரியர் விஞ்ஞானத்தில் வரும் என்று விட்டுவிடுவார், விஞ்ஞான ஆசிரியர் ஆங்கிலத்தில் படித்திருப்பார்கள் என்று விட்டுவிடுவார். ஆனால் விஞ்ஞானக் கருத்து நிற்பதே இவற்றின்மேல்தான். ஒரு பொருள் காந்தமா என்று தள்ளுகையால் மட்டுமே நிச்சயிக்கலாம், கவர்ச்சியால் முடியாது. வெறும் இரும்பும் கவரப்படும் அல்லவா? அந்தக் கருத்து முழுவதும் ‘ஒன்லி’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஒரு பாடவேளைக்குப் புதிய கலைச்சொல் ஐந்து, தப்பினால் ஆறு. அதோடு ஒரு இணைப்புச் சொல். அதற்கு மேல் போனால் எதுவும் தங்காது.

இனி அந்த 40 நிமிடம். எந்தப் பொருட்கள் கவரப்படும் என்பதையும் முனைவுகளையும் ஒரே பாடவேளையில் திணிக்க வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாடவேளைக்குக் குழுவுக்கொரு தட்டு: ஒரு சட்டக் காந்தம், இரும்பாணி, காகிதக் கவ்வி, செப்புக் கம்பித் துண்டு, அலுமினியத் தாள் துண்டு, அழிறப்பர், பிளாஸ்டிக் கரண்டி, ஒரு நாணயம். 38 பிள்ளைகளுக்கு எட்டுக் குழு, ஆறு குழுவில் ஐவர், இரண்டில் நால்வர். நாணயங்களை வீட்டிலேயே காந்தத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். உலோகமும் பூச்சும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருப்பதால் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்று ஒட்டி மற்றது ஒட்டாமல் போகலாம். அது சுவையான விசயம்தான், ஆனால் மொழி பழக்கும் முதல் நாளுக்கு வேண்டாம்.

முதல் நான்கு நிமிடம் தமிழ். காந்தத்தைத் தொட்டுப் பார்த்து, எவை ஒட்டும் என்று பக்கத்துப் பிள்ளையோடு கதைக்கட்டும். அடுத்த ஆறு நிமிடம் சொற்கள். ஒவ்வொன்றையும் பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். பிறகு வகுப்பு முழுவதும், பிறகு ஒரு வரிசை, பிறகு இருவர் என்று சொல்லட்டும். பலகையின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு அந்தச் சொற்களை அங்கே எழுதி மணி அடிக்கும் வரை அழிக்காமல் வையுங்கள். கூட்டெழுத்து வேண்டாம், அச்செழுத்து.

பிறகு 15 நிமிடம் பரிசோதனை. முதலில் ஊகம், பிறகு பெறுபேறு என்று இரண்டு நிரல் அட்டவணை. ஒரு பொருளை வைக்கும் பிள்ளை வாயால் ஒரு வசனம் சொல்லியே ஆக வேண்டும். வசனச் சட்டம் பலகையில் இருக்கும்: ‘தி மெக்னட் அட்ராக்ட்ஸ் தி ____.’ கீழே, ‘தி மெக்னட் டஸ் நொட் அட்ராக்ட் தி ____.’ காந்தம் தவிர்ந்த ஏழு பொருளுக்கு ஏழு வசனம் ஒவ்வொரு குழுவிலும் ஒலிக்கும். வாய் திறக்காத பிள்ளை ஐந்து பேருக்கு நடுவில் சொல்லும், 38 பேருக்கு முன்னால் சொல்லாது.

அடுத்த பத்து நிமிடம் எழுத்து. இருவராகச் சேர்ந்து மூன்று வசனம். கடைசி ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் கால் தாளில் ஒரேயொரு வசனம் எழுதித் தந்துவிட்டுப் போகட்டும். அந்த 38 துண்டையும் மூன்று குவியலாகப் பிரிக்கப் பத்து நிமிடம் ஆகாது. நாளைக்கு எதைத் தொடுவது என்று அந்தக் குவியல் சொல்லும்.

பிழைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. உலோகம் எல்லாம் ஒட்டும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதைத் திருத்த ‘நொட் ஓல் மெட்டல்ஸ்’ என்று தொடங்கும் வசனம் எழுதினால் ‘எந்த உலோகமும் இல்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். ‘சம் மெட்டல்ஸ்’ என்று தொடங்கி இரண்டு நேர் வசனமாக எழுதுங்கள்: சில உலோகங்கள் கவரப்படும், சில கவரப்படா.

வெள்ளவத்தை_ஆங்கிலம் எழுதியது:

மேலே சொன்னதோடு ஆங்கிலப் பாடப் பக்கத்திலிருந்து சிலது சேர்க்கிறேன். பிள்ளைகள் விடும் பிழைகளைப் பார்த்தால் அவை கண்டபடி வருபவை இல்லை என்று தெரியும். தமிழ் வசனத்தின் ஒழுங்கு அப்படியே இறங்கியிருக்கும். ‘மெக்னட் அயன் நெய்ல் அட்ராக்ட்’ என்று எழுதினால், காந்தம் இரும்பாணியைக் கவரும் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கிறது, வினை கடைசியில் நிற்கிறது, அவ்வளவுதான். இதை விஞ்ஞானப் பிழை என்று வெட்டாதேங்கோ.

ஆனால் ‘பிகோஸ்’ விசயத்தில் கட்டாயம் கவனம் எடுங்கோ. தமிழில் காரணம் முன்னுக்கு வரும், விளைவு பின்னுக்கு வரும்: ‘சூடாக்கியதால் நீர் ஆவியாகியது.’ ஆங்கிலத்தில் பெரும்பாலும் விளைவைச் சொல்லிவிட்டுத்தான் ‘பிகோஸ்’ போட்டுக் காரணத்துக்குப் போவோம். பிள்ளை ‘ஆல்’ இருந்த இடத்தில் ‘பிகோஸ்’ஐ வைத்துவிடும். அப்போது வசனம் தலைகீழாகி, நீர் ஆவியாகியதால் சூடாகியது என்று வந்துவிடும். திருத்துகிறவர் காரணமும் விளைவும் விளங்கவில்லை என்று புள்ளியை வெட்டுவார். பிள்ளைக்கு ஏன் வெட்டினது என்றே தெரியாது.

இதற்கு ஒரு வேலை செய்யுங்கோ. இரண்டு கடதாசிப் பட்டி வெட்டி ஒன்றில் காரணம், மற்றதில் விளைவு எழுதுங்கோ. முதலில் நடந்தது எது என்று தமிழில் கேட்டு அதற்கு 1 என்றும் மற்றதற்கு 2 என்றும் போட வையுங்கோ. மூன்றாவது சின்ன அட்டையில் ‘ஸோ’. 1, ஸோ, 2 என்று அடுக்கச் சொல்லுங்கோ. இது தமிழ் ஒழுங்கோடு ஒத்துப்போவதால் உடனே பிடிக்கும். இரண்டு கிழமை ‘ஸோ’ மட்டும் பாவியுங்கோ. அது கைக்கு வந்த பிறகு அட்டையை மாற்றுங்கோ: 2, பிகோஸ், 1. ‘பிகோஸ்’ எப்போதும் 1க்கு முன்னால்தான் நிற்கும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் கலந்துவிடும்.

வரைவிலக்கணமும் இப்படித்தான். தமிழில் ‘கரைக்கும் திரவம்’ என்று அடைமொழி முன்னுக்கு வரும். ஆங்கிலத்தில் ‘அ சொல்வன்ட் இஸ் அ லிக்விட் தட்...’ என்று பின்னால் நீண்டு போகும். அந்த ‘தட்’டைக் கண்டால் பிள்ளை வசனம் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடும். வாசிக்கும்போது ‘தட்’டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, எந்தத் திரவம் என்று கேட்டு விட்டு மேலே வாசிக்கப் பழக்குங்கோ.

வசனச் சட்டம் நல்லது, ஆனால் தவணை முழுக்கப் பலகையில் நிற்கக் கூடாது. பிள்ளை யோசிக்காமல் வெற்றிடத்தை மட்டும் நிரப்பப் பழகிவிடும். முதல் பாடவேளை முழுச் சட்டம், இரண்டாவதில் முதல் மூன்று சொல், மூன்றாவதில் இணைப்புச் சொல் மட்டும், பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் தேவைப்படுகிற நாலைந்து பேருக்குச் சின்ன அட்டையில் எழுதி மேசையில் வையுங்கோ.

திருத்தும்போது எல்லாவற்றையும் சிவப்பாக்க வேண்டாம். கிழமைக்கு ஒரு வகைப் பிழை. இந்தக் கிழமை வினையின் இடம் என்றால் அது மட்டும். வினையின் கடைசியில் வரும் ‘ஸ்’, ‘தி’, ‘அ’ இவற்றைத் தரம் 6இல் விஞ்ஞானக் கொப்பியில் விட்டுவிடுங்கோ, அது எங்கள் வேலை. வாயால் பிழையாகச் சொன்னால் நிறுத்தித் திருத்தாமல், ‘ஆம், தி மெக்னட் அட்ராக்ட்ஸ் தி நெய்ல்’ என்று சரியான வசனத்தைத் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கோ.

உங்கள் பேச்சையும் கவனியுங்கோ. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். ஒருமுறை பீக்கர், ஒருமுறை கொன்டெய்னர், ஒருமுறை வெசல் என்றால் பிள்ளை மூன்று பொருளைத் தேடும். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கோ. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார்கள், மூன்று செக்கனாக்கினாலே விடைகள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டியது தாய்மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்கே. எங்கள் பிள்ளை கேள்வியைத் தமிழாக்கி, விடையைத் தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை_விஞ்ஞானம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டி வெட்டும் வேலையை இந்தக் கிழமையே செய்யப்போகிறேன். மூன்று விசயம் கேட்க இருக்கிறது. பெற்றோர் சிலர் வகுப்பில் தமிழே கதைக்க வேண்டாம் என்கிறார்கள், ‘அதற்காகவா இருமொழி வகுப்பில் சேர்த்தோம்’ என்று. அவர்களுக்கு என்ன சொல்வது? அந்த மூன்று சிங்களப் பிள்ளைகள் முதல் நான்கு நிமிடத் தமிழில் வெளியே நின்றுவிடுகிறார்களே? வினாத்தாளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தெமட்டகொட_இருமொழி எழுதியது:

தமிழ் பாவிப்பதா இல்லையா என்பதல்ல, எந்த இடத்தில் பாவிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நீங்கள் இப்போது செய்யும் வரிக்கு வரி மொழிபெயர்ப்பை நிறுத்தத்தான் வேண்டும். நேரம் இரட்டிப்பாகிறது என்பது சிறிய காரணம். பெரிய காரணம், அடுத்த நிமிடம் தமிழில் வரும் என்று தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்குக் காது கொடுக்காது. தமிழ் வரும் வரை பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும். அந்த வகையில் பெற்றோரின் கவலையில் ஒரு பாதி நியாயம்.

அதற்காக முழுவதும் ஆங்கிலம் என்று போனாலும் கெட்டது. கருத்து விளங்காமல் சொல்லை மட்டும் பிடிக்கும். முன், இடை, பின் என்று பிரியுங்கள். பாடத்துக்கு முன் மூன்று நான்கு நிமிடம் தமிழில், இன்று எதைப் பற்றி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று. இடையில் 30 நிமிடம் ஆங்கிலம், படம், பொருள், சைகையோடு. பின் ஐந்து நிமிடம், இன்று என்ன படித்தோம் என்று பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம். மொழிமூலம் சொன்ன கால் தாளை எழுதும் நாளில் அதற்கு இரண்டு நிமிடம் விட்டால் போதும். சொன்னதையே இரண்டு மொழியில் திரும்பச் சொல்லாமல் ஒவ்வொரு மொழிக்கும் வேறு வேலை கொடுங்கள். இடையில் ஒரு பிள்ளை தமிழில் கேள்வி கேட்டால் ஏசாமல் ஆங்கிலத்தில் எளிதாக விடை சொல்லுங்கள். தமிழில் கேட்டதற்குத் தண்டப்பணம், பெயர் எழுதுதல் என்று சில இடங்களில் நடக்கிறது. அது பிள்ளையின் வாயை இரண்டு மொழியிலும் மூடிவிடும்.

பாதுகாப்பு விசயம் எதுவானாலும் தயக்கமில்லாமல் தமிழ், தேவைப்பட்டால் சிங்களமும். சுடர், அமிலம், கண்ணாடி உள்ள பாடத்தில் விளங்கியதா என்று கேட்டுத் தலையாட்டலை நம்பாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு இருமொழி என்ற பெயரையே எடுத்துக் காட்டுங்கள். 2002இல் தரம் 6இல் இது தொடங்கியதிலிருந்தே சில பாடம் ஆங்கிலத்தில், தாய்மொழி, சமயம், வரலாறு போன்றவை தாய்மொழியில் என்றுதான் அமைப்பு. தாய்மொழியை விட்டுவிடுவது திட்டத்தில் எங்கும் இல்லை. பிறகு வீட்டில் செய்ய ஒரு வேலை கொடுங்கள்: அன்றைக்குப் படித்ததைப் பிள்ளை தமிழில் ஐந்து நிமிடம் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ விளக்கட்டும், அவர்கள் ‘ஏன்?’ என்று இரண்டு தரம் கேட்டால் போதும். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். அதற்கு ஒத்தாசையாகத் தமிழ்மொழி மூலப் பாடநூலும் வீட்டில் இருக்கட்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழி நூல்களும் இறக்கிக்கொள்ளலாம். அத்தியாய ஒழுங்கும் ஒன்று, படங்களும் பெரும்பாலும் அவையே. ஆங்கில நூலில் படத்தைக் கண்டதும் தமிழ் நூலில் அதே படத்தின் கீழுள்ள வரியை வாசிக்கத் தெரிந்தால் அகராதி தேட வேண்டியதில்லை.

சிங்களப் பிள்ளைகள் மூவருக்கும் இதே வழி. சிங்கள நூலின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். முன் நேரத்தில் மூவரும் தங்களுக்குள் சிங்களத்தில் கதைக்கட்டும். நீங்கள் கேட்கும் தொடக்கக் கேள்வியைச் சிங்களத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அதைச் சிங்களப் பிரிவு விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. பரிசோதனைக் குழுவில் மட்டும் மூவரையும் பிரித்துப் போடுங்கள். தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அங்கே ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும்.

இன்னொன்று, வாசிப்பு. ஒரு பகுதியை உதவியின்றி வாசித்து விளங்க நூறு சொல்லில் 98ஆவது தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் போல் நேஷன் என்பவரின் கணக்கு. ஒரு பந்தியை எண்ணி நூறு சொல்லுக்குக் கோடு போட்டு, தெரியாத சொல்லின் மேல் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து புள்ளிக்கு மேல் வந்தால் அந்தப் பந்தியைத் தனியாக வாசிக்கக் கொடுப்பதில் பயன் இல்லை. படத்தையும் அதன் பெயரிடலையும் முதலில் முடித்துவிட்டு, பந்தியை நீங்கள் சத்தமாக வாசித்து, பிறகு அவர்கள் வாசிக்கட்டும்.

வினாத்தாள்_குழு எழுதியது:

வினாத்தாளில் நீங்கள் சோதிப்பது விஞ்ஞானமா ஆங்கிலமா என்று ஒவ்வொரு கேள்விக்கும் பென்சிலால் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் கலந்திருந்தால் புள்ளியைப் பிரியுங்கள். நான்கு புள்ளிக் கேள்வி என்றால் மூன்று கருத்துக்கு, ஒன்று வசனத்துக்கு. தவணைத் தொடக்கத்தில் இப்படி, இறுதியில் வேண்டுமானால் இரண்டுக்கு இரண்டு. கருத்துக்கான புள்ளியை எழுத்துப் பிழைக்காக வெட்ட வேண்டாம், சொல் அடையாளம் தெரிந்தால் போதும். ஆனால் ‘அட்ராக்ட்’டும் ‘ரிப்பெல்’லும் இடம் மாறினால் அது கருத்துப் பிழை, அங்கே தயவு காட்டக் கூடாது.

கேள்வியின் ஏவல் வினைகளைத் தனியாகப் பழக்குங்கள். தமிழ் வினாத்தாளில் அவர்கள் ஏற்கெனவே கண்டவைதான்: ‘ஸ்டேட்’ கூறுக, ‘லிஸ்ட்’ பட்டியற்படுத்துக, ‘டிஸ்க்ரைப்’ விபரிக்க, ‘எக்ஸ்பிளெய்ன்’ விளக்குக, ‘கொம்பெயர்’ ஒப்பிடுக. ஒவ்வொன்றுக்கும் விடையின் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஸ்டேட்’ என்றால் ஒரு சொல் அல்லது ஒரு வசனம். ‘டிஸ்க்ரைப்’ என்றால் நடந்தது என்ன என்று இரண்டு மூன்று வசனம். ‘எக்ஸ்பிளெய்ன்’ என்றால் ‘ஏன்’ வர வேண்டும், ஆகவே ‘பிகோஸ்’ இல்லாத விடை முழு விடை ஆகாது. ‘கொம்பெயர்’ என்றால் இரண்டு பொருளும் வசனத்தில் இருக்க வேண்டும். அந்த ஐந்தும் சுவரில் ஒரு சார்ட்டாகத் தொங்கினால் போதும், பரீட்சை நாளில் மட்டும் மூடிவிடுங்கள்.

கேள்வியையே திரும்ப எழுதும் பிள்ளைக்குப் பெரும்பாலும் விளங்காதது இந்த ஏவல் வினைதான். விடை தெரியாமல் இல்லை.

பல்தேர்வு வினாக்களில் ‘நொட்’, ‘எக்ஸெப்ட்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்பவற்றை முதல் தவணையில் தவிருங்கள், இரண்டாம் தவணையில் தடித்த எழுத்தில் போடுங்கள். மூன்றாவது சொல்லைச் சாதாரண தரம் வரை விடாமல் காண்பார்கள். ‘அந்த ஒழுங்கில்’ என்று சொல்லி, ஏ-க்கு முதல் சொல், பி-க்கு இரண்டாம் சொல் என்று கோடு இழுத்துப் பழக்கினால் ஒரே நாளில் வந்துவிடும்.

ஒரு கேள்வியாவது படத்தில் பெயரிடுவதாக இருக்கட்டும். காந்தப் பாடத்தில் இரண்டு சட்டக் காந்தங்களை வரைந்து, முனைவுகளைக் குறித்து, எப்பக்கம் அசையும் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அதற்குக் கீழே ‘ஏன்?’ என்று ஒரு வரிக் கேள்வி. அம்புக்குறி சரியாக இருந்து வசனம் பிழைத்தால் உங்களுக்கு விபரம் தெரிந்துவிட்டது, இன்னொரு சோதனை வைக்க வேண்டியதில்லை.

பிள்ளை தமிழில் விடை எழுதிவிட்டால்? வகுப்புச் சோதனை என்றால் கருத்துப் புள்ளியைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு ஆங்கிலத் தொடக்கத்தை எழுதிவிட்டு, அதை வைத்து மறுநாள் திரும்ப எழுதி வரச் சொல்லுங்கள். தவணைப் பரீட்சைக்கு உங்கள் பாடசாலையின் நடைமுறையைப் பகுதித் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருத்துபவருக்குத் திருத்துபவர் மாறும்.

மொழிமூலம் எழுதியது:

வாய் திறக்காத பிள்ளைகளைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. புதிய மொழியில் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு காலம் சில பிள்ளைகளுக்கு உண்டு. அந்தக் காலத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பது இன்னும் உள்ளே தள்ளிவிடும். அதற்காக விட்டுவிடவும் கூடாது. சொல் தேவைப்படாத விடைகளை வாங்குங்கள்: சுட்டிக் காட்டு, அட்டையைத் தூக்கு, பொருட்களை இரண்டாகப் பிரி. அது வந்தபின் ‘ஆம்’, ‘இல்லை’. பிறகு இரண்டில் ஒன்று: அட்ராக்டா ரிப்பெல்லா? பிறகுதான் வசனச் சட்டம். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பெயர்ப் பட்டியலில் 1 முதல் 4 வரை ஓர் எண் போட்டு வைத்தால், கேள்வி கேட்கும்போது யாரிடம் எதைக் கேட்பது என்று தடுமாற மாட்டீர்கள். கிழமைக்கு ஒருமுறை அந்த எண்ணை மாற்றுங்கள். ஒரு மாதம் அசையாத எண்ணுக்கு அந்த மூன்று விதக் கேள்வியைத் திரும்பச் செய்யுங்கள், தமிழில் வாசிப்பதிலும் தடை உண்டா என்று தமிழ் ஆசிரியரிடமும் கேளுங்கள். கண், காது சோதிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பின் வாங்கில் இருந்து பலகை தெரியாத பிள்ளையும் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து அழகாகவே எழுதிக்கொள்ளும்.

கொட்டாஞ்சேனை_விஞ்ஞானம் எழுதியது:

இவ்வளவும் போதும், இதை வைத்து இரண்டு பாடவேளைத் திட்டம் எழுதுகிறேன். எட்டுச் சட்டக் காந்தம் ஆய்வுகூடத்தில் இல்லை, மூன்றுதான் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர்களில் கழற்றிய வளையக் காந்தம் பாவிக்கலாமா?

வினாத்தாள்_குழு எழுதியது:

முதல் பாடவேளைக்குத் தாராளமாகப் பாவிக்கலாம், எவை ஒட்டும் என்று பார்ப்பதற்கு வடிவம் பரவாயில்லை. இரண்டாவதற்கு வேண்டாம். வளையக் காந்தத்தின் முனைவுகள் தட்டையான இரண்டு முகங்களில் இருக்கும், நுனியைத் தேடும் பிள்ளைக்கு ‘போல்’ என்ற சொல்லே குழம்பிவிடும். புறக்கோட்டையில் விசாரித்து இன்னும் ஒரு சட்டக் காந்தம் வாங்கினால் நான்காகிவிடும், அதாவது இரண்டு சோடி. இரண்டு குழு காந்தத்தோடு, மற்றக் குழுக்கள் வசனப் பட்டிகளோடு என்று எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுங்கள், மிச்சக் குழுக்கள் அடுத்த பாடவேளையில் தொடரட்டும். வாங்கியதும் திசைகாட்டியை வைத்து முனைவுகளைச் சரிபாருங்கள். மலிவான காந்தங்களில் நிறம் மாறிப் பூசப்பட்டிருப்பது உண்டு.